போர்மேன் வீட்டு லெந்து

ஆசீர்வாதபுரத்தில் லெந்து என்கிற நாற்பது நாள் தவக்காலம் வந்துவிட்டது என்பதை ஊரார் கோவில் மணியை வைத்துத் தெரிந்துகொள்வார்கள். செல்வநாயகம் போர்மேன் வீட்டில் மட்டும் அடுக்களைக்குள் எட்டிப் பார்த்தாலே போதும். சாம்பல் புதனுக்கு முந்தின நாள், அவர் வேலைக்குக் கிளம்பிப் போன பிறகு, அவர் மனைவி இசபெல் டீச்சர் கல்யாணத்துக்கு வந்த பீங்கான் தட்டு நான்கையும் பழைய சேலையில் சுற்றி டிரங்குப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடுவார். நாற்பது நாளும் அலுமினியத் தட்டுதான். எறிந்தால் நசுங்கும், உடையாது. ஈஸ்டர் அன்று பீங்கான் மறுபடி வெளியே வரும். ஏழு வருஷமாக இப்படித்தான் நடந்தது. செல்வநாயகம் இதைக் கவனித்ததே இல்லை.

எங்கள் ஊரில் மற்றவர்கள் லெந்துக்கு விடுவதெல்லாம் சில்லறைச் சாமான்கள். ராஜசிங் வாத்தியார் மூக்குப்பொடியை விடுவார். ஒரு வாரம் தும்மாமல் இருந்துவிட்டு எட்டாம் நாள் யாரிடமாவது ஒரு சிட்டிகை கேட்டுக் கையை நீட்டுவார். பெண்கள் கறி மீனை விடுவார்கள். மற்ற மாதங்களில் எத்தனை நாள் கறி மீன் தின்றார்கள் என்பது கர்த்தருக்கே வெளிச்சம்.

செல்வநாயகம் விட்டது சோற்றை. விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும் வரை பச்சைத் தண்ணீர்தான் ஆகாரம். ஞாயிற்றுக்கிழமைக்கு உபவாசம் கிடையாது என்று சபைப் பாதிரியாரான ஐயர் சொல்லியும் கேட்கமாட்டார். மகள் ஞானதீபத்துக்குப் பதினொரு வயதில் விஷக் காய்ச்சல் வந்து பிழைத்தபோது ஆரம்பித்த பழக்கம் இது. பிறகு ஒவ்வொரு வருஷமும் ஒரு வேண்டுதல். அறுபத்திரண்டாம் வருஷத்து வேண்டுதல், ஞானதீபத்துக்கு மதுரைப் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைக்க வேண்டும் என்பது. எஸ்.எஸ்.எல்.சி. முடித்து ஒரு வருஷம் வீட்டில் இருந்தவள், போன டிசம்பரில் தானாகவே மனு எழுதிப் போட்டாள். ஜனவரியில் நேர்முகத்துக்கும் போய் வந்தாள். தேர்ந்தெடுக்கப்பட்டால் கடிதம் வரும் என்று சொல்லியிருந்தார்கள்.

இந்த உபவாசத்தால் போர்மேனுக்கு ஊரில் இருந்த மதிப்பு கொஞ்சநஞ்சமல்ல. தாயில்பட்டிக்கு மேற்கே, கரிசல் காட்டுக்கு நடுவில் இருந்த ஒரு பட்டாசுக் கம்பெனியில் அவருக்கு வேலை. போர்மேன் என்றால் நாற்காலியில் உட்கார்ந்து கையைக் காட்டுகிற வேலை அல்ல. வெடிமருந்தைக் கலப்பதும் சலிப்பதும் அவர் பொறுப்பு. வெயில் ஏறினால் மருந்தை நம்ப முடியாது என்று கருக்கலிலேயே சைக்கிள் மிதித்துப் போய்விடுவார். பங்குனி மாதத்து வெயிலில், காலையிலிருந்து கொலைப் பட்டினியோடு அந்த மருந்து அறையில் நிற்கிற மனிதரைப் பார்த்து யாருக்குத்தான் வியப்பாக இருக்காது?

வியப்பு ஊருக்கு. பயம் வீட்டுக்கு.

அவர் யாரையும் அடிக்கக் கை நீட்டுகிறவர் அல்ல. அதில் அவருக்கு ஒரு பெருமையும் உண்டு. கள்ளை விட்டவர், பீடியை ஒரே நாளில் விட்டவர். ஆனால் லெந்து பிறந்துவிட்டால் வீட்டுக்குள் அந்த வாய் சும்மா இராது. சாயங்காலம் ஐந்து மணிக்கு சைக்கிள் மணி கேட்டதும் ஞானதீபம் பின்வாசலுக்குப் போய்விடுவாள். இசபெல் டீச்சர் தண்ணீர்ச் செம்பைக் கையில் பிடித்துக்கொண்டு, எது எது அதனதன் இடத்தில் இருக்கிறது என்று வீட்டை ஒருமுறை கண்ணால் துழாவுவார். இடம் மாறிய சீப்புக்கும், திரி கருகிய விளக்குக்கும், கொடியில் கிடக்கிற ஈரத் துண்டுக்கும் ஒவ்வொரு பிரசங்கம் உண்டு. பசி வந்தால் பத்தும் பறக்கும் என்று சொல்வார்கள். இந்த வீட்டில் பதினொன்றாவதாகத் தட்டும் பறந்தது.

லெந்தின் நான்காம் வாரத்து வெள்ளிக்கிழமை, இசபெல் டீச்சர் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்ஷன். வீட்டுக்கு வரவே ஐந்தரை ஆகிவிட்டது. அவசர அவசரமாக உலை வைத்து, பருப்பைக் கடைந்து, விளக்கு வைத்ததும் தட்டைப் போட்டார். செல்வநாயகம் கண்ணை மூடி ஜெபித்துவிட்டு ஒரு கவளம் வாயில் வைத்தார்.

"இது என்னது?"

"பருப்புதாங்க. இன்னைக்கு ஸ்கூல்ல துரைமாரு வந்துட்டாக, வர நேரமாயிட்டு."

"உப்பு எங்க?"

"கொஞ்சம் கம்மியாப் போச்சு போலுக்கு. இந்தா, கொண்டாரேன்."

"கொண்டாருவா! பகல் பூராம் வயித்தைக் காயப்போட்டுட்டு வாரவனுக்கு ஒரு சிட்டிகை உப்பு போட வக்கில்ல. நீயெல்லாம் ஊரான் பிள்ளைகளுக்கு என்னத்தைப் படிச்சுக் குடுத்துக் கிழிக்கப் போற? துரைமாரு உன்னைய எப்பிடித்தான் வேலையில வச்சிருக்காகளோ!"

"பிள்ளை இருக்கா. மெதுவாப் பேசுங்க."

"என் வீட்டுல நான் என்னத்துக்கு மெதுவாப் பேசணும்?"

தட்டு சுவரில் போய் மோதியது. பருப்பு, கொடியில் கிடந்த ஞானதீபத்தின் வெள்ளைத் தாவணியில் வழிந்தது. நல்ல சேலை ஒன்றும் இல்லாத பெண் அவள். ஞாயிற்றுக்கிழமைக் கோவிலுக்கென்று சோடாப்பு போட்டுத் துவைத்து வைத்திருந்த தாவணி அது. அவள் அதை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். செல்வநாயகம் வேறு தட்டில் சோறு வாங்கி, உப்புப் போட்டுப் பிசைந்து, இரண்டாவது முறையும் ஜெபம் பண்ணிவிட்டுச் சாப்பிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் கருப்பம்மாள் வந்தாள். போர்மேன் வாராந்திரக் கூட்டத்துக்கு ஐயர் வீட்டுக்குப் போயிருந்தார். கருப்பம்மாள் பக்கத்து ஊர்க்காரி, அதே கம்பெனியில் சலிக்கிற வேலை. மடி நிறைய வெள்ளரிப்பிஞ்சு கொண்டுவந்திருந்தாள்.

"ஆனைக்குட்டத்துல என் தம்பி தோட்டத்துல காய்ச்சது, டீச்சரம்மா. அண்ணாச்சி பொழுதடைஞ்சு சாப்பிடும்போது நறுக்கிக் குடுங்க. சூட்டுக்கு நல்லது. இதக்கூடச் செய்யலேன்னா நான் மனுசியே இல்ல."

"என்ன கருப்பம்மா, என்னமும் விசேசமா?"

"அண்ணாச்சி சொல்லலியா? வெள்ளிக்கிழமை அவுக மட்டும் இல்லேன்னா நாங்க அஞ்சாறு பேரு இன்னைக்குக் காத்தோட காத்தாப் போயிருப்போம்." அவள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "நம்ம முருகம்மா இருக்கால்லா, கைப்பிள்ளைக்காரி, அவ கலந்த மருந்தைத் தட்டோட தூக்கிட்டு வாரா. வாசப்படியில காலு இடறிட்டு. அம்புட்டும் தரையில! நாங்க ஓடத் திரும்புதோம். அப்பிடியே ஓடியிருந்தா என்ன ஆகும், சொல்லுங்க. காலுல மண்ணு இருக்கும், கல்லு இருக்கும், மருந்தைப் போட்டுத் தேய்ச்சிருப்போம்."

"ஐயோ."

"அண்ணாச்சி சத்தமே போடல. 'யாரும் அசையாதீக தாயீ. நின்ன இடத்துலயே நில்லுங்க'ன்னாக. பிள்ளையத் தொட்டில்ல போட்டு ஆட்டுறவுக பேசுவாகள்லா, அந்தக் கணக்குல. பூவாளியில தண்ணிய எடுத்துப் பூப்போலத் தெளிச்சு, ஈரத்துணியில ஒத்தி ஒத்தி எடுத்தாக. அரை மணி நேரம். முடிச்சிட்டு முருகம்மாகிட்ட என்ன கேட்டாக தெரியுமா? 'பயந்துட்டியா தாயி? போ, போயி மோரு குடி, பிள்ளைக்குப் பாலு குடு.' இம்புட்டுத்தான். வேற ஒரு போர்மேனா இருந்தா அவ ஏழு தலைமுறைய இழுத்திருப்பான்."

ஞானதீபம் வெள்ளரிப்பிஞ்சைக் கழுவிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"கருப்பம்மாக்கா, அப்பா அங்க எப்பமாச்சும் ஏசுவாகளா?"

"யாரு, அண்ணாச்சியா? பதினோரு வருசமா வேலை பாக்கேன், ஒரு சொல்லு கேட்டதில்ல. சத்தம் போட்டா கை பதறும், கை பதறினா உசுருன்னு சொல்லுவாக. மருந்து ரூம்புக்குள்ள நுழையுமுன்ன ஈரச் சாக்குல ஏறி நிக்கணும், சுவத்துல ரெண்டு கையும் வச்சு மூச்சு அடங்குத வரைக்கும் நிக்கணும். வீட்டுச் சண்டையோட வந்தா வாசலோட போயிரணும். எங்களுக்கும் அதான் சட்டம், அவுகளுக்கும் அதான் சட்டம். சோறு தண்ணி இல்லாம இந்த வெயில்ல எப்பிடித்தான் இம்புட்டுப் பொறுமையோ! உங்க சாமி பெரிய சாமிதான், டீச்சரம்மா."

கருப்பம்மாள் போன பிறகு தாயும் மகளும் வெள்ளரிப்பிஞ்சைத் துடைத்து அடுக்கினார்கள். ஞானதீபம்தான் பேச்சை எடுத்தாள்.

"பசியில அப்பிடித்தான் பேசுவாக, மனசுல ஒண்ணும் கெடையாதுன்னு சொல்லுவீகளேம்மா."

"நானும் அப்பிடித்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

"அங்கயும் அதே பசிதான?"

ஏழு வருஷமாகத் தாங்கிக்கொள்ள இசபெல் டீச்சருக்கு இருந்த ஒரே சமாதானம் அந்தப் பசிதான். பாவம், பசித்த மனிதர், முடியாமல் பேசுகிறார் என்று நினைத்துத்தான் அத்தனை தட்டுகளையும் பொறுக்கி எடுத்திருந்தார். வாயை அடக்க முடிகிறவர்தான், நமக்காக அடக்கவில்லை என்று இப்போது தெரிந்துவிட்டது. விளக்கு வைத்ததும் வெள்ளரிப்பிஞ்சை நறுக்கிக் கணவரின் தட்டில் வைத்தார். தாம் ஒரு துண்டுகூட எடுக்கவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை கடிதம் வந்தது. ஞானதீபத்துக்கு இடம் கிடைத்துவிட்டது. ஜூலையில் வந்து சேர வேண்டும்.

செல்வநாயகம் வந்ததும் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். வேட்டியைக்கூட மாற்றவில்லை, அப்படியே முழங்காலில் நின்றுவிட்டார். மனைவியும் மகளும் பக்கத்தில் முழங்கால் போட்டார்கள். "ஆண்டவரே, இந்த ஏழை வயிற்றை ஒடுக்கினதைப் பார்த்தீரே, என் உபவாசத்தைத் தள்ளாமல் கேட்டீரே" என்று குரல் தழுதழுக்க ஜெபித்தார். அது நாடகம் இல்லை. அந்த மகள்மேல் அவருக்கு உயிர். ஜெபம் முடிந்து எழுந்தபோது அவர் கண் நனைந்திருந்தது.

பிறகு சோற்றுக்கு உட்கார்ந்தார். ஞானதீபம் பரிமாறினாள். பரிமாறிவிட்டு, விளக்கடியில் அந்தக் கடிதத்தை மறுபடியும் எடுத்துப் பார்த்தாள். தண்ணீர் வைக்க மறந்துவிட்டாள்.

"தண்ணி எங்க?"

"இந்தா கொண்டாரேன்ப்பா."

"இப்பமே அப்பன் கண்ணுக்குத் தெரியலையோ? இன்னும் வெள்ளைச் சேலை கட்டி, தலையில தொப்பி வச்சா எங்களையெல்லாம் ஆளுன்னு மதிப்பியா? யாரு வயித்தைக் காயப்போட்டு வாங்கின இடம் இது, தெரியுமா? நான் வாங்கினது!"

ஞானதீபம் தண்ணீர்ச் செம்பைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். வழக்கமாக அத்தோடு பின்வாசலுக்குப் போய்விடுகிறவள் அன்றைக்கு அங்கேயே நின்றாள்.

"நீங்க வாங்கினது இல்லப்பா."

"என்னது?"

"நான் எதுக்கு மனு எழுதிப் போட்டேன்னு உங்களுக்குத் தெரியுமா? நர்சுப் படிப்பு மேல எனக்கு ஒண்ணும் பெரிய ஆசை கெடையாது. லெந்துல இந்த வீட்டுல இருக்கக் கூடாது, அதுக்குத்தான் எழுதினேன்."

"ஏட்டி, பேசாம இரு," என்றார் இசபெல் டீச்சர்.

"இல்லம்மா, இன்னைக்குச் சொல்லிருதேன். அப்பா, நான் கிறிஸ்மசுக்கு வருவேன். கோவில் அசன விருந்துக்கு வருவேன். உங்களுக்கு மேலுக்குச் சுகமில்லைன்னா ஓடி வருவேன். ஆனா லெந்துக்கு மட்டும் வரமாட்டேன். என்னைய யாரும் கூப்பிடாதீக."

செல்வநாயகத்தின் இடது கன்னம் துடித்தது. அந்தத் துடிப்புக்கு அடுத்தது என்ன என்று தாய்க்கும் மகளுக்கும் தெரியும். கை செம்பைப் பிடித்தது. ஞானதீபம் நகரவில்லை. அழுகையும் வரவில்லை அவளுக்கு.

"முருகம்மாக்கா மருந்தைக் கொட்டினா, 'பயந்துட்டியா தாயி'ன்னு கேட்டீகளாம். அன்னைக்குச் சாயந்தரமே அம்மா உப்பை மறந்துட்டான்னு தட்டு பறந்துச்சு. ஒரே நாளு, ஒரே வயிறு. அங்க மெதுவாப் பேசத் தெரியுதுல்லாப்பா? நாங்களும் மருந்துன்னு நெனச்சுக்கிடுங்களேன். எங்களுக்கும் கை பதறுதுப்பா."

செம்பு அவர் கையில் அப்படியே நின்றது. யாரும் எதிர்பார்க்கவில்லை, அதை மெதுவாகத் தரையில் வைத்தார். சோற்றில் கை கழுவினார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

நேராக ஐயர் வீட்டுக்குத்தான் போனார். ஐயர் விளக்கடியில் உட்கார்ந்து வரப்போகிற குருத்தோலை ஞாயிற்றுக்குப் பிரசங்கம் எழுதிக்கொண்டிருந்தார். நல்ல மனிதர், ஊருக்கு வந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது.

"வாங்க போர்மேன்! ஆயுசு நூறு உங்களுக்கு. இச்சையடக்கத்தைப் பத்தித்தான் எழுதிட்டிருக்கேன். உங்களை வச்சுத்தான் பிரசங்கமே ஓடுது. முடிச்சதும் நீங்க எந்திரிச்சு, ஆண்டவர் உங்களை நடத்தினதை அஞ்சு நிமிசம் சபை முன்னால சாட்சியாச் சொல்லணும், என்ன?"

"ஐயா, நான் உபவாசத்தை விட்டுறலாமான்னு கேக்க வந்தேன்."

ஐயர் பேனாவை வைத்துவிட்டார். "உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. வீட்டுல உள்ளவுகளால தாங்க முடியல."

"சோறு பொங்குத வேலை மிச்சம்தானே அவங்களுக்கு?"

"சோறு இல்லய்யா. என்னைய."

ஐயருக்குப் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. எழுதிய தாளைப் பார்த்தார், செல்வநாயகத்தைப் பார்த்தார். "ஆண்டவருக்குக் குடுத்த வாக்கு, போர்மேன். இன்னும் பன்னெண்டு நாள்தான. சபையே உங்களைப் பாத்துட்டு இருக்கு. பல்லைக் கடிச்சுக்கிட்டு முடிச்சிருங்க."

"பல்லைக் கடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். நடுவுல கடிபடுதது அவுகள்லா இருக்காக," என்றார் செல்வநாயகம். அவர் சிரிக்கவில்லை. ஐயருக்கும் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் செவ்வாய்க்கிழமை, மத்தியான மணி அடித்ததும் கம்பெனி வேலிக்கு வெளியே வேப்பமர நிழலில் பெண்கள் தூக்குச்சட்டிகளைத் திறந்தார்கள். அந்த நேரத்தில் போர்மேன் அந்தப் பக்கமே வரமாட்டார். கூழ் வாசனை தம்மைச் சோதிக்கக் கூடாது என்று தண்ணீர்த் தொட்டிப் பக்கம் தனியாக உட்கார்ந்திருப்பார். அன்றைக்கு வந்தார். வந்து கருப்பம்மாளுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"கருப்பம்மா, கூழு மிச்சம் இருக்கா?"

"யாருக்கு அண்ணாச்சி?"

"எனக்குத்தான்."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "அண்ணாச்சி, உங்க விரதம் இன்னும் முடியலியே. சாமி குத்தம் ஆயிராதா?" என்றாள் முருகம்மாள்.

"ஆனா ஆகட்டும். அதுக்குப் பதிலு நான் சொல்லிக்கிடுதேன்."

கருப்பம்மாள் தூக்குச்சட்டி மூடியில் கம்மங்கூழை ஊற்றி, இரண்டு சின்ன வெங்காயத்தை ஓரத்தில் வைத்துக் கொடுத்தாள். செல்வநாயகம் கண்ணை மூடினார். ஏழு வருஷமாக விதவிதமாக ஜெபித்த வாய்க்கு அன்று ஒரு வார்த்தையும் அகப்படவில்லை. "கோவிச்சுக்கிடாதீரும் ஆண்டவரே" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குடித்தார். பட்டினி கிடப்பது அவருக்குக் கஷ்டமாக இருந்ததே இல்லை. அதில் ஒரு கம்பீரம் இருந்தது. நாலு பேர் பார்க்க உட்கார்ந்து ஒரு மூடி கூழைக் குடிப்பதற்குத்தான் அவருக்கு மானம் போயிற்று. காது மடல் வரை சிவந்துவிட்டது. ஆனாலும் மூடியில் மிச்சம் வைக்காமல் குடித்து முடித்தார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் வாசலிலேயே நின்றார்.

"இசபெல், ஒரு பழைய சாக்கு இருந்தா இங்கன போடு. தண்ணி தெளிச்சுப் போடு."

இசபெல் டீச்சர் சாக்கை நனைத்துக் கொண்டுவந்து போட்டார். செல்வநாயகம் செருப்பைக் கழற்றி, ஈரச் சாக்கில் ஏறி, வாசல் சுவரில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்துக்கொண்டு நின்றார். தெருவில் போனவர்கள் என்னவோ ஏதோ என்று பார்த்தார்கள். மூச்சு அடங்கியதும் உள்ளே வந்தார். விளக்குத் திரி அன்றும் கருகித்தான் இருந்தது. தாமே அதைக் கிள்ளிவிட்டு உட்கார்ந்தார்.

குருத்தோலை ஞாயிறு அன்று பனங்குருத்தைப் பிடித்துக்கொண்டு சபையார் ஊரைச் சுற்றிப் பாடி வந்தார்கள். அதற்குள் செய்தியும் ஊரைச் சுற்றி வந்துவிட்டது. பட்டாசுக் கம்பெனியில் போர்மேன் கூழ் குடித்ததைத் தாயில்பட்டிச் சந்தை வரைக்கும் பேசினார்கள். ஐயர் பாவம், எழுதிய பிரசங்கத்தில் போர்மேனை எடுத்துவிட்டு வேறு ஆளைப் போட நேரமில்லாமல், பேர் சொல்லாமல் 'நம்மில் ஒரு சகோதரர்' என்று தடுமாறி ஒப்பேற்றினார். சாட்சி சொல்லக் கூப்பிடவும் இல்லை. செல்வநாயகம் தாமாகவே எழுந்தார்.

"சபையாருக்கு ஸ்தோத்திரம். ஐயா என்னையச் சாட்சி சொல்லச் சொல்லியிருந்தாக. நான் செவ்வாக்கிழமையிலிருந்து சாப்பிடுதேன். மூணு வேளையும் சாப்பிடுதேன்."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ராஜசிங் வாத்தியார் திரும்பினார். சபைக் கமிட்டியில் போர்மேனுக்கு இருந்த செல்வாக்கு அவருக்குப் பல நாளாகவே கண்ணில் விழுந்த தூசி.

"அப்ப இச்சையடக்கம்னா என்னன்னு நீங்கதான் எங்களுக்குச் சொல்லணும், போர்மேன். வயித்தைக் கட்ட முடியாம நடுவழியில கவுந்தாச்சு. அதுக்குச் சாட்சி வேறயா?"

பெண்கள் பக்கம் பாயில் உட்கார்ந்திருந்த இசபெல் டீச்சர் கணவரின் இடது கன்னத்தைப் பார்த்தார். துடித்தது. மகள் கையை எட்டிப் பிடித்துக்கொண்டார். வாத்தியாருடைய பொடி டப்பாவிலிருந்து அவர் மைத்துனனின் ஓடிப்போன மனைவி வரை அடுத்த நிமிஷம் கோவிலுக்குள் இறங்கப்போகிறது என்று அவருக்குத் தெரியும்.

செல்வநாயகம் முன்னால் இருந்த பெஞ்சின் மேல் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து வைத்தார். ஒரு தடவை மூச்சை விட்டார். இன்னொரு தடவை விட்டார்.

"நீங்க சொல்லுதது சரிதான், வாத்தியாரே. ஏழு வருசமா வயித்தை மட்டும்தான் கட்டினேன். வாயை அவுத்து விட்டுட்டேன், வீட்டுல. அது என் வீட்டுல உள்ளவுகளுக்குத் தெரியும். இப்பம்தான் அதைக் கட்டப் பழகுதேன். கஷ்டமா இருக்கு. எனக்காக ஜெபிச்சுக்கிடுங்க."

அவர் உட்கார்ந்துவிட்டார். வாத்தியார் பதிலுக்கு என்னவோ சொல்ல வாயெடுத்து, ஒரு பெரிய தும்மலாகத் தும்மினார். பொடி வாசனை நாலு பெஞ்சுக்கு எட்டியது. ஐயர் அவசரமாகப் பாட்டு நம்பரைச் சொன்னார்.

அதோடு எல்லாம் நேராகிவிட்டது என்று சொன்னால் அது பொய். ஞானதீபம் அன்று மத்தியானம் அப்பாவுக்குச் சோறு போட்டாள், தண்ணீரும் வைத்தாள், பேசவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சாட்சிக்கு மயங்குகிற பெண் இல்லை அவள். இசபெல் டீச்சரும் அப்படித்தான். ஈஸ்டர் வந்து போனது, அந்த வருஷம் டிரங்குப் பெட்டி திறக்கவில்லை. இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம் என்று இருந்துவிட்டார்.

அவர் பார்த்ததும் நல்லதாகப் போயிற்று. மே மாதம் ஒரு நாள், சைக்கிள் சாவியைக் காணோம் என்று செல்வநாயகம் பழைய ஏச்சுப்பேச்சையெல்லாம் இறக்கிவிட்டார். இசபெல் டீச்சர், அவருடைய அண்ணன்மார், அவர் படித்த டிரெயினிங் ஸ்கூல், ஒன்று பாக்கியில்லை. வயிறு நிறைய இட்லி சாப்பிட்டிருந்த காலை நேரம் அது. பசியின் மேல் பழி போடவும் வழி இல்லை. பாதி வாக்கியத்தில் என்ன நினைத்தாரோ, சட்டென்று வாயை மூடிக்கொண்டு வாசலுக்குப் போனார். சாக்கின் மேல் ஏறி நின்றார். சுவரில் கையை வைத்தார். கத்திரி வெயிலில் சாக்கு காய்ந்து மொடமொடவென்று கிடந்தது. அதன் மேலேயே நின்றுகொண்டிருந்தார், தோள் ஏறி ஏறி இறங்கியது.

ஞானதீபம் உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு ஒரு செம்புத் தண்ணீரை எடுத்து வந்து, குனிந்து, அவர் காலைச் சுற்றிச் சாக்கில் ஊற்றினாள். செம்பைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டு வரை ஊற்றிவிட்டு உள்ளே போனாள். செல்வநாயகம் அதற்குப் பிறகும் ரொம்ப நேரம் அங்கேயே நின்றார். மூச்சு எப்போதோ அடங்கிவிட்டது.

ஜூலை முதல் வாரம் சிவகாசி பஸ் ஸ்டாண்டில் மதுரை பஸ்ஸுக்கு மூவரும் நின்றார்கள். மகளுக்கென்று கடையில் சொல்லிச் செய்த புதுத் தகரப் பெட்டி, மூடியில் அவள் பெயர் எழுதியிருந்தது. பஸ்ஸின் மேலே நின்ற ஆள் அதை வாங்கிக் கூரையில் டமால் என்று போட்டான். ஓரம் நசுங்கியது கீழேயிருந்தே தெரிந்தது. செல்வநாயகத்தின் கன்னம் ஒரு துடிப்புத் துடித்தது.

"தம்பி, மெதுவா வைப்பா. பிள்ளையோட பெட்டி," என்றார்.

ஞானதீபம் ஜன்னல் ஓரத்து இடத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். டிரைவர் ஏறி வண்டியை முடுக்கினான். அவள் வெளியே கையை நீட்டி அப்பாவின் கையைப் பிடித்தாள். அவர் விரல் நகத்துக்குள் பட்டாசு மருந்தின் அலுமினியப் பொடி வெள்ளி நிறத்தில் படிந்திருந்தது.

"அப்பா, லெந்துக்கு லீவு குடுப்பாகளான்னு போனதும் கேக்கேன்."

செல்வநாயகம் தலையை ஆட்டினார்.

"வந்தா நான் பீங்கான் தட்டுலதான் சாப்பிடுவேன். அம்மாகிட்டச் சொல்லி எடுத்து வைக்கச் சொல்லுங்க."

பஸ் திரும்பி, தீப்பெட்டி லோடு ஏற்றிய லாரிகளுக்கு நடுவில் புகுந்து போயிற்று. புழுதி அடங்கும் வரை இருவரும் நின்றார்கள்.

"பீங்கான் தட்டா? அது எங்க இருக்கு?" என்று கேட்டார் செல்வநாயகம்.

"டிரங்குப் பெட்டிக்குள்ள."

"அதை எதுக்குப் பெட்டிக்குள்ள வச்ச?"

இசபெல் டீச்சர் அவர் முகத்தைப் பார்த்தார். முந்தானையை எடுத்துத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டார்.

செல்வநாயகத்துக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. விளங்கியபோது பக்கத்தில் நின்ற பஸ்ஸின் மேல் கையை ஊன்றிக்கொண்டார். வெயிலில் அது கொதித்தது. கையை அவர் எடுக்கவில்லை.

"எத்தனை வருசமா?"

"ஏழு."

"வீட்டுக்குப் போனதும் வெளிய எடுத்து வையி தாயி," என்றார், மருந்து அறையில் பேசுகிற குரலில்.